கண்ணாடியிழைக்குள் இருக்கும் இரும்பு: கார்வெட்டா, மஸ்டாங்கா, கமாரோவா?

டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணா, நாற்பதாயிரம் டாலர் சேர்த்து வைத்திருக்கிறேன். அறுபதுகளின் கார் ஒன்று வாங்க வேண்டும். ஃபோர்டின் மஸ்டாங் வாங்கலாமா, ஷெவர்லேயின் கார்வெட் வாங்கலாமா?" மனைவி, எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், கராஜில் ஒரு கார் நிற்கும் அளவுக்குக் காலி இடம், ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் கிரீஸ் படிய வேலை செய்யும் ஆசை. இதுதான் அவருடைய நிலைமை. அன்றிரவு அவரிடம் சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என்னிடம் 1971ஆம் ஆண்டுக் கார்வெட் ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. அதை வாங்குவதற்கு முன் ஒன்பது கார்களைப் பார்த்து வேண்டாம் என்று திரும்பியிருக்கிறேன்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் இன்ஜினைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை கன அங்குலம், எத்தனை குதிரைத்திறன், சத்தம் எப்படி? என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஷெவர்லேயின் சிறிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினைக் கழற்றி வேறொன்றை மாட்ட, பழகிய இருவருக்கு ஒரு வார இறுதி போதும். பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் உடலுக்குள் இருக்கும் இரும்பு அரித்துப் போயிருந்தால் அதைச் சரிசெய்ய ஆண்டுக்கணக்காகும், காரின் விலையையும் மிஞ்சிய பணம் ஆகும். எந்தக் காரில் இரும்பு எங்கே ஒளிந்திருக்கிறது, அதை வாங்கும் முன் பார்க்க முடியுமா, முடியாதா? மஸ்டாங்குக்கும் கார்வெட்டுக்கும் உள்ள முதல் வேறுபாட்டை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

துருப்பிடிக்காத கார் என்ற தவறான நம்பிக்கை

கார்வெட்டின் மேலுடல் 1953 முதலே கண்ணாடியிழைதான். அந்த ஆண்டு மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் 300 கார்களை ஏறக்குறைய கையாலேயே செய்தார்கள். எல்லாம் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு இருக்கைகள். தகரமே இல்லாத கார் என்பதால் துருப்பிடிக்காது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது. 1963 முதல் வந்த கார்வெட்டில் முன் கண்ணாடியையும் கதவுகளையும் தாங்குவது இரும்பாலான ஒரு கூடு. பழுது பார்ப்பவர்கள் அதைப் 'பறவைக் கூண்டு' என்பார்கள். அதற்கும் கீழே, காரின் அடிச்சட்டமான இரும்புச் சேசிஸ். இரண்டையும் கண்ணாடியிழை மூடியிருப்பதால், உள்ளே எல்லாம் பொடிப்பொடியாகப் போன பிறகும் வெளியே பெயின்ட் பளபளக்கும்.

ஒஹாயோவில் ஒரு விற்பனையாளரிடம் 1969ஆம் ஆண்டுக் கார் ஒன்றைப் பார்த்தேன். ரத்தச் சிவப்பு, புதிய இருக்கைகள், சாவியைத் திருகியதும் உறுமி எழுந்த இன்ஜின். கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன். இரண்டு திருகாணிகள்தாம். மூடி கையோடு வந்ததும் உள்ளேயிருந்து துருச் செதில்கள் சோளப்பொரியைப் போலக் கொட்டின. உடலைச் சேசிஸோடு பிணைக்கும் இடத்தில் இரும்பு இருக்க வேண்டும். அங்கே விரல் உள்ளே போனது. விற்றவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த மூடியைக் கழற்றச் சொல்லாதவர்கள் பலர் அதற்கு முன் அந்தக் காரைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆகவே கார்வெட் பார்க்கப் போகிறவர் மூன்று இடங்களைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. ஒன்று, நான் சொன்ன அந்தப் பக்கவாட்டு மூடிக்குப் பின்னால். இரண்டு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள். அங்குள்ள பளபளப்பான விளிம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மூன்று, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேசிஸ் மேல்நோக்கி வளையும் இடம். அங்கே சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். பொத்தென்று கேட்டால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

மஸ்டாங் இதற்கு நேர் எதிர். அது தகரக் கார். துரு வந்தால் பெரும்பாலும் கண்ணில் படும், கையில் தட்டுப்படும். பட்டி பூசி மறைத்த இடத்தைச் சிறு காந்தம் காட்டிக் கொடுத்துவிடும். ஒரே ஓர் இடம் மட்டும் மறைவு: முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் துளைகளுக்கு உள்ளே இருக்கும் பெட்டி. மழைநீர் அதற்குள் இறங்கி இரு பக்கமும் வடிய வேண்டும். அரித்துப் போயிருந்தால் நீர் காருக்குள்ளேயே சொட்டும், பிறகு தரைத் தகடும் போய்விடும். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெல்டிங் செய்த பெட்டி என்பதால் அதைச் சரிசெய்ய முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். ஆனால் சோதனை எளிது. ஒரு குடம் தண்ணீரை அந்தத் துளைகளில் ஊற்றிவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் தயங்கினால் அந்தத் தயக்கமே விடை.

இன்னொன்றும் மஸ்டாங்குக்குச் சாதகம். அதன் தரைத் தகடு முதல் கதவுக் கைப்பிடி வரை ஏறக்குறைய எல்லாம் இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. டைனகார்ன் என்ற நிறுவனம் 1967 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்குக்கும் (கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்கும் வடிவம்) ஷெவர்லேயின் 1969 கமாரோவுக்கும் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து தருகிறது. கார்வெட்டின் பறவைக் கூண்டுக்கும் மாற்றுத் துண்டுகள் கிடைக்கின்றன. ஆனால் அதைத் தொட, மேலுடலைத் தூக்கியாக வேண்டும்.

1963 முதல் 1967 வரை: மனம் கேட்கும், பை தடுக்கும்

அழகில் எனக்கு இரண்டாம் தலைமுறைக் கார்வெட்டுக்கு மேல் எதுவும் இல்லை. ஸ்டிங் ரே என்ற பெயரோடு 1963இல் வந்தது. பின் சக்கரங்கள் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன் கார்வெட்டுக்கு வந்ததும் அப்போதுதான். பின் கண்ணாடியை நடுவில் ஒரு முதுகெலும்பு பிரிக்கும் கூப்பே (மூடிய கூரை) வடிவம் அந்த ஓர் ஆண்டு மட்டுமே. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்சல் அதை விடாப்பிடியாகக் காத்தார். பின்னால் வருவது தெரியவில்லை என்று பொறியாளர் சோரா ஆர்கஸ்-டன்டாவ் எதிர்த்தார். 1964இல் டன்டாவ் பக்கம் வென்றது. அன்று 1963 காரை வாங்கிய சிலர், புதிய மாடலைப் போல இருக்க வேண்டும் என்று அந்த முதுகெலும்பை அறுத்தெடுத்து ஒற்றைக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். அவற்றையே பிறகு மீண்டும் பழையபடி ஒட்டினார்கள். 10,594 கூப்பேக்கள் மட்டுமே செய்யப்பட்ட ஆண்டு அது. அவற்றில் அறுக்கப்படாதது எது, அறுத்து ஒட்டப்பட்டது எது என்பதைக் கண்டுபிடிப்பதே இன்று ஒரு தனிக் கலை.

ஓட்டுவதற்கு என்றால் 1965 அல்லது அதற்குப் பிந்தையதைத்தான் சொல்வேன். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் அந்த ஆண்டில்தான் வந்தது. அதற்கும் ஒரு வியாதி உண்டு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் வார்ப்பிரும்பு காலிப்பரின் உட்புறம் அரித்து, பிரேக் எண்ணெய் கசியும். குளிர்காலம் முழுவதும் நிறுத்தி வைத்திருந்தால் கட்டாயம் கசியும். உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் பொருத்திய காலிப்பர்கள் மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். மாட்டியிருந்தால் முந்தைய உரிமையாளர் விவரம் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கார்களின் விலையை நிர்ணயிப்பது 'எண் பொருத்தம்'. காரின் அடையாள எண்ணான வின் எண்ணில் உள்ள இலக்கங்களே இன்ஜின் பிளாக்கிலும் அடிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் அது அந்தக் காரோடு பிறந்த இன்ஜின். சிக்கல் என்னவென்றால், 1971 வரை கார்வெட்டின் வின் எண்ணில் இன்ஜின் வகை பற்றிய குறியே கிடையாது. உடல் வடிவம், ஆண்டு, செயின்ட் லூயிஸ் ஆலை, வரிசை எண் அவ்வளவுதான். 300 குதிரைத்திறன் காரும் 435 குதிரைத்திறன் காரும் அந்த எண்ணில் ஒன்றுபோலவே இருக்கும். இன்ஜினின் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் இரண்டு விரல் அகலத்தில் ஒரு மேடை இருக்கிறது. அதில் அடித்த எழுத்துகள்தாம் சாட்சி. அந்த மேடையைத் தேய்த்துவிட்டு வேறு எழுத்துகளை அடிப்பது நீண்ட காலமாக நடக்கும் மோசடி. 1967இன் எல்88 இன்ஜின் கார்கள் வெறும் 20. அவற்றில் ஒன்று 2014 ஜனவரியில் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில் 38.5 லட்சம் டாலருக்குப் போனது. இரண்டு விரல் அகல இரும்பில் இவ்வளவு பணம் தங்கியிருக்கும்போது அதைத் தேய்க்கும் கைகளும் இருக்கத்தான் செய்யும்.

நாற்பதாயிரம் டாலருக்கு இந்தத் தலைமுறையில் நல்ல கார் கிடைப்பது கடினம். கிடைக்கும் என்று யாராவது காட்டினால், எண் பொருந்தாத, பாதி பிரித்துப் போட்ட, அல்லது கூண்டு அரித்த காராகவே இருக்கும். எண் பொருந்தாததை மட்டும் நான் குறையாக எண்ண மாட்டேன். விற்கும் எண்ணம் இல்லாமல் ஓட்டப் போகிறவருக்கு அது வரம். அதே அழகு, அதே உறுமல், விலை மட்டும் குறைவு. ஆனால் அதற்கும் நம் தம்பியின் சேமிப்பு எட்டாது. கடன் வாங்கி இதை வாங்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொன்னேன். வட்டி ஓடும் காரை யாராலும் நிம்மதியாக ஓட்ட முடியாது.

1968 முதல் 1972 வரை: என் கட்சி

மூன்றாம் தலைமுறைக் கார்வெட் 1968 முதல் 1982 வரை வந்தது. இந்தப் பதினைந்து ஆண்டுகளையும் ஒரே கார் என்று எண்ணிவிடக் கூடாது. 1972 வரை முன்னும் பின்னும் குரோம் பம்பர். 1973இல் முன்பக்கமும், 1974இல் பின்பக்கமும் மோதல் விதிகளுக்காக யூரித்தேன் பிளாஸ்டிக்குக்கு மாறின. சந்தையில் பெரிய கோடு விழுவது அந்தக் குரோமில்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம், அதாவது குரோம் பம்பரோடு இருக்கும் கார்கள், நான் பார்த்த வரையில், சாதாரண 350 கன அங்குல இன்ஜினோடு நாற்பதாயிரத்துக்குள் வருகின்றன. 1968 முதல் ஆண்டு என்பதால் தயாரிப்புத் தரத்தில் பல குறைகளோடு வெளிவந்தது. 1969இல் பலவற்றைச் சரிசெய்தார்கள். எனவே 1969 முதல் 1972 வரை தேடுங்கள்.

குதிரைத்திறன் பட்டியலைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதை இங்கே விளக்க வேண்டும். 1971இல் எல்டி-1 என்ற திறன் கூடிய இன்ஜினுக்கு 330 என்று போட்டார்கள். 1972இல் அதே இன்ஜினுக்கு 255. எழுபத்தைந்து குதிரைகள் ஓராண்டில் செத்துவிடவில்லை. 1971 வரை இன்ஜினைத் தனியே மேடையில் வைத்து, காற்று வடிகட்டியோ முழுப் புகைபோக்கியோ இல்லாமல் அளந்தார்கள். 1972 முதல் காரில் பொருத்திய நிலையில் கிடைக்கும் திறனை எழுதத் தொடங்கினார்கள். சாதாரண இன்ஜினும் அப்படித்தான் 270இலிருந்து 200 ஆனது. பட்டியலை மட்டும் படித்து 1972ஐ ஒதுக்குகிறவர்களால் அந்த ஆண்டுக் கார்கள் சில நேரம் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. அதோடு 1972இல்தான் வின் எண்ணில் இன்ஜின் குறியெழுத்து முதன்முதலாக வந்தது. குரோம் பம்பரும் வேண்டும், இன்ஜின் எது என்று காரே சொல்லவும் வேண்டும் என்றால் அந்த ஓர் ஆண்டுதான். உண்மையான வீழ்ச்சி 1975இல் வந்தது. சாதாரண இன்ஜின் 165 குதிரைத்திறனுக்கு இறங்கியது. மடக்கும் கூரை கொண்ட கார்வெட்டும் அந்த ஆண்டோடு நின்று, 1986இல்தான் திரும்பியது.

இந்தக் காரோடு வாழ்வது எப்படி? முகப்பு விளக்குகள் வெற்றிடக் குழாய்களின் இழுவையால் எழுகின்றன. ஏதாவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் ஒரு விளக்கு எழும், மற்றது உறங்கும். 1972 வரை வைப்பரை மூடியிருக்கும் கதவும் அதே வெற்றிடத்தால்தான் திறக்கிறது. குழாய்களை மொத்தமாக மாற்ற ஒரு நாள் வேலை, செலவும் அதிகமில்லை. பின் சக்கர பேரிங் அப்படியில்லை. அதைப் பிரிக்கத் தனிக் கருவிகள் வேண்டும், மெல்லிய தகடுகள் வைத்து இடைவெளியை நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும், பிரேக் டிஸ்க்கும் ஆலையிலேயே ரிவெட் அடிக்கப்பட்டது. தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுக்கிற வேலை இல்லை இது. வாங்கும்முன் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் விலையில் ஆயிரக்கணக்கில் குறைத்துக் கேட்க அதுவே காரணம். பெட்டி வைக்க வெளியிலிருந்து திறக்கும் டிக்கி கிடையாது. இருக்கைக்குப் பின்னால் கையை நீட்டித்தான் வைக்க வேண்டும். இருக்கைகளும் இரண்டுதான்.

1973க்குப் பிந்தையவை விலை குறைவு. நீண்ட பயணத்துக்கு வசதியாகவும் இருக்கின்றன. அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'சேகரிப்புப் பதிப்பு' என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். 1978இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் முன்னோடிக் காரைப் போலக் கறுப்பும் வெள்ளியுமாக 6,502 கார்கள் வெளிவந்தன. பட்டியல் விலை 13,653 டாலர். அரிய பொருளாகப் போகிறது என்று அதைவிட அதிகம் கொடுத்து வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பூட்டி வைத்தவர்கள் ஏராளம். எல்லோரும் பத்திரப்படுத்தினால் அது எப்படி அரிதாகும்? இன்றும் ஓடாத கார்களாகவே அவை சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஓடாத காரில் ரப்பர் எல்லாம் இறுகிப் போயிருக்கும் என்பதால் வாங்கியதும் அடுத்த செலவு தொடங்கும்.

ஓட்டுவது மட்டுமே நோக்கமென்றால்

1984 முதல் 1996 வரை வந்த நான்காம் தலைமுறையைப் பழைய ரசிகர்கள் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. அது அநியாயம். பணத்துக்குக் கிடைக்கும் ஓட்டத்தைப் பார்த்தால் இதற்கு நிகரில்லை. நல்ல நிலையில் உள்ள ஒன்றின் விலை, குரோம் பம்பர் காரின் விலையில் பாதியைத் தொடுவதே அபூர்வம். 1992இல் வந்த புதிய எல்டி1 இன்ஜின் 300 குதிரைத்திறன், அதுவும் புதிய முறை அளவில். ஆனால் அந்த இன்ஜினில் மின்பொறி பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தண்ணீர் பம்புக்கு நேர் கீழே வைத்துவிட்டார்கள். பம்பு கசிந்தால் அதுவும் நனைந்து செத்துவிடும். பம்பையும் அதையும் ஒரே நேரத்தில் மாற்றிய ரசீது இருந்தால் அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம். 1984 முதல் 1988 வரையிலான '4+3' கியர் பாக்ஸை (நான்கு கியர், அவற்றில் மூன்றுக்குக் கூடுதல் ஓவர்டிரைவ்) தவிர்த்துவிடுங்கள். 1989இல் ஆறு கியர் வந்தது.

இந்தத் தலைமுறையில் சேகரிக்கத் தக்கது இசட்ஆர்-1. லோட்டஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்த இன்ஜினை, படகு இன்ஜின் செய்யும் மெர்க்குரி மரைன் ஒக்லஹோமாவில் கட்டிக் கொடுத்தது. 1990 முதல் 1995 வரை மொத்தம் 6,939 கார்கள். 375 குதிரைத்திறனில் தொடங்கி 1993இல் 405 ஆனது. நாற்பதாயிரத்துக்குள் உண்மையான வரலாறு படைத்த ஓர் இன்ஜின் வேண்டுமென்றால் நான் இங்கேதான் தேடுவேன். ஆனால் அந்த இன்ஜினைத் தெரிந்த மெக்கானிக்குகள் மிகக் குறைவு. உங்கள் ஊரிலிருந்து ஓட்டிப் போகும் தூரத்தில் ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். ஞாயிறுகளில் தானே பிரித்துப் பார்க்க ஆசைப்படும் நம் தம்பிக்கு இது பொருந்தாது.

கமாரோ: சுருக்கமாக

1969 கமாரோவைப் பிடிக்காதவர் யார்? எனக்கும் பிடிக்கும். ஐந்து லிட்டருக்குள் இன்ஜின் இருக்க வேண்டும் என்ற டிரான்ஸ்-ஆம் பந்தய விதிக்காக 302 கன அங்குல இன்ஜினோடு பிறந்தது இசட்/28. முதல் ஆண்டான 1967இல் 602 கார்கள்தாம். 1969இல் இருபதாயிரத்துக்கும் மேல். இதிலும் அதே நோய்: வின் எண் ஆறு சிலிண்டரா, எட்டா என்பதை மட்டும் சொல்லும், இசட்/28 என்று சொல்லாது. பட்டைகளும் சின்னங்களும் எல்லாக் கடைகளிலும் விற்கின்றன. அசலுக்கான ஆவணம் முழுமையாக இல்லாத எதையும் சாதாரணக் கமாரோ விலைக்கே கேளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள். சாதாரண வி8 கமாரோ நல்ல குடும்பக் கார், ஆனால் அதே பணத்துக்கு மஸ்டாங்கில் இன்னும் நல்ல நிலையிலுள்ள காரைத் தேர்ந்தெடுக்கலாம்.

மஸ்டாங்: எண்ணிக்கையே பலம்

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் அடிப்படை விலையோடு அறிமுகமான கார், இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் பத்து லட்சத்தைத் தொட்டது. இவ்வளவு பேர் வைத்திருந்த கார் என்பதால் அரிதானது இல்லை என்று சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். வைத்து ஓட்டப் போகிறவருக்கு அந்த எண்ணிக்கைதான் பெரும் பலம். பாகங்கள் மலிவு, தெரிந்த மெக்கானிக்குகள் எங்கும் உண்டு, விற்க நினைத்தால் வாங்க ஆளும் உண்டு.

இதன் வின் எண் கார்வெட்டைப் போல வாயை மூடிக்கொண்டிருக்காது. ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லிவிடும். 'சி' என்றால் 289 கன அங்குலம், இரட்டை வாய்க் கார்புரேட்டர். 'ஏ' என்றால் நான்கு வாய், 225 குதிரைத்திறன். 'கே' என்றால் 271 குதிரைத்திறன், விலையும் அதற்கேற்ப ஏறும். 'டி' (ஆங்கில T) என்றால் ஆறு சிலிண்டர். ஆறு சிலிண்டர் காரில் பிறகு வி8 மாட்டியிருந்தால் சக்கரத்தைப் பாருங்கள்: ஆலையிலிருந்து வி8 ஆக வந்தவற்றுக்குச் சக்கரத்தில் ஐந்து நட்டுகள், ஆறு சிலிண்டருக்கு நான்கு. நான்கு நட்டு உள்ள வி8 காரின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் அந்த இன்ஜினின் எடைக்காகச் செய்யப்பட்டவை இல்லை. அது விலை பற்றிய சிக்கல் மட்டும் இல்லை, உயிர் பற்றியது.

உயிர் என்று எழுதியதால் இதையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் தம்பிக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொன்னது இதைத்தான். 1965, 1966 மஸ்டாங்குகளில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே பாதைதான். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இரட்டைப் பாதையாக 1967இல்தான் வந்தது. பெரும்பாலான கார்களில் நான்கும் டிரம் பிரேக். மோதலில் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் இல்லை. இடுப்பு பெல்ட் மட்டுமே உண்டு. பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கைக்குத் தோள் பெல்ட் கட்டாயம். இரட்டை மாஸ்டர் சிலிண்டர், முன் டிஸ்க் பிரேக், மூன்று முனை பெல்ட்டுகள் மூன்றும் இந்தக் காருக்குத் தயாராகக் கிடைக்கின்றன. அசல் தன்மை கெடும் என்பார்கள். பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைக்கப் போகிற காரில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கார் விலையோடு இந்தச் செலவையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும்.

ஃபாஸ்ட்பேக் வடிவம்தான் எல்லோருக்கும் ஆசை, அதனால் விலையும் அதற்கே அதிகம். வின் எண்ணில் '09' என்றிருந்தால் ஃபாஸ்ட்பேக், '08' மடக்கும் கூரை, '07' சாதாரண ஹார்ட்டாப் (மடக்க முடியாத கூரை). ஹார்ட்டாப்பின் விலை மற்ற இரண்டையும்விட நன்றாகவே குறைவு. ஓடுவதில் எந்த வேறுபாடும் இல்லை.

காகிதங்கள்

ஃபோர்டு கார்களுக்கு 1967 முதல் ஆலைப் பதிவேடு காப்பாற்றப்பட்டிருக்கிறது. 'மார்ட்டி அறிக்கை' என்று கேட்டால், அந்தக் கார் என்ன நிறத்தில், எந்த வசதிகளோடு, எந்த விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டது என்று வின் எண்ணை வைத்தே கிடைத்துவிடும். 1965, 1966க்கு அது கிடையாது. கதவுத் தகட்டையும் இன்ஜின் அறையின் பக்கத் தகடான ஏப்ரனில் அடித்த எண்ணையும் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். கார்வெட்டுக்கு அப்படி ஆலைப் பதிவேடு இல்லை. ஆனால் 1967 முதல் ஆலைக் குறிப்புத் தாள் ஒன்றைப் பெட்ரோல் டேங்கின் மேலே ஒட்டி அனுப்பினார்கள். டேங்கை இறக்கினால் சில கார்களில் இன்றும் படிக்கும் நிலையில் இருக்கும். உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த சிறு உலோகத் தகடும் உண்டு. அதில் இன்ஜின் குறி பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் போலிகள் வந்துவிட்டன. ஆகவே ஒரே காகிதத்தை நம்பாமல் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 1974இல் தொடங்கிய கார்வெட் மீட்டுருவாக்குவோர் தேசியச் சங்கம் நடத்தும் மதிப்பீட்டில் தேறிய சான்றிதழ் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வின் தகட்டையே தொட்டுப் பாருங்கள் என்பேன். 1959 கார்வெட் ஒன்றை வாங்கியவர் அதைக் கான்சாஸில் பதிவு செய்யப் போனபோது, மீட்டுருவாக்கத்தில் தகடு கழற்றி மாட்டப்பட்டிருப்பதைக் கண்டு காவல்துறை காரையே பறிமுதல் செய்தது. தவறு அவருடையது இல்லை. இருந்தும் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2022இல் மாநிலச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. ரிவெட்டில் சுரண்டிய தடம் இருந்தால் காரணம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஏலக் கூடத்தில் முதல் காரை வாங்காதீர்கள். விளக்கு, கூச்சல், சில நிமிட நேரம், அதற்கு மேல் பத்து சதவீத அளவில் வாங்குபவர் கட்டணம். பென்சில்வேனியாவின் கார்லைலில் நடப்பது போன்ற பழைய கார்ச் சந்தைகளுக்குப் போய்ப் பாருங்கள், பேசுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். வாங்குவதை உரிமையாளரின் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். அரிசோனா, கலிஃபோர்னியாவிலிருந்து வரும் கார்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். அரிசோனா வெயில் ரப்பரையும் டாஷ்போர்டையும் தின்னும், மிச்சிகன் உப்பு இரும்பைத் தின்னும். ரப்பரை வாங்கிவிடலாம்.

தம்பிக்கு என்ன சொன்னேன்? என் மனம் கார்வெட் பக்கம்தான். ஆனால் இரண்டு இருக்கைக் காரை வாங்கினால் ஞாயிறு காலையில் ஒரு பிள்ளை வாசலில் நிற்கும், அல்லது இரண்டும் மனைவியும் நிற்பார்கள். அதனால் 1966 மஸ்டாங், 'சி' அல்லது 'ஏ' குறி, ஹார்ட்டாப். விலை முப்பதாயிரத்தைத் தாண்ட வேண்டாம். மீதியில் முதல் மாதமே பிரேக்கும் பெல்ட்டும் புதிய டயரும். பிள்ளைகள் வளர்ந்து தாங்களே ஓட்டிக்கொண்டு போகும் நாளில் 1972 கார்வெட்டைப் பற்றி மறுபடி பேசலாம் என்றேன். அவர் முகத்தில் சற்று ஏமாற்றம் தெரிந்தது. மனைவியின் முகத்தில் தெரியவில்லை.

போன சனிக்கிழமை ஆன் ஆர்பர் பக்கம் ஒரு 1966ஐப் பார்க்கப் போனோம். வெளிர் நீலம், சக்கரத்தில் ஐந்து நட்டு, ஐந்தாம் எழுத்து 'சி'. பெரியவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து கொடுத்தான். தம்பி ஊற்றினார், நான் உள்ளே படுத்து டார்ச் அடித்தேன். வலப்பக்கம் காய்ந்திருந்தது. இடப்பக்கம் மூன்று சொட்டு விழுந்தது. உரிமையாளர் நல்ல மனிதர்; தனக்கே தெரியாது என்று சொல்லி வருந்தினார். கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டோம். அடுத்த வாரம் டொலிடோவில் ஒன்று இருக்கிறது, அரிசோனாவில் முப்பது ஆண்டுகள் ஓடிய கார். பெரியவன் குடத்தைக் காரிலேயே வைத்திருக்கிறான்.